தேவருணவும் வீட்டு நாயும்

இனிப்பு என்பது சுவைக்குப் பெயர்; அச்சுவையுடைய பண்டத்துக்கும் பெயர். இலக்கணம் கற்றோர் இதனைப் பண்பாகுபெயர் என்பர். ஆகுபெயரால் மொழிக்கு வளமே அன்றிக் கேடு இல்லை. ஆயின் நாய் வளர்ப்போருக்கு இவ்வோர் ஆகுபெயரால் ஒரு கேடு உண்டு. பனங்கட்டியும் இனிப்பு, எள்ளுருண்டையும் இனிப்பு, கடைக்காரர் போத்தலில் நிறைத்து வைத்திருக்கும் தோடம்பழ முட்டாசும் இனிப்பு, கடல் கடந்து வரும் கறுப்புக் கண்டோசும் இனிப்பு, நீரிழிவுக்காரருக்கென்று சீனி சேராமற் செய்த பண்டமும் இனிப்பே. ஒரு பெயரின் நிழலில் உணவும் நஞ்சும் அருகருகே அமர்ந்திருக்கின்றன. நம் நாவுக்கு இவை யாவும் ஓரினம். நாயின் வயிற்றுக்கு அப்படியன்று.

ஆகவே, “நாய் இனிப்பைத் தின்றுவிட்டது, என்ன செய்வது?” என்று ஒருவர் ஓடிவந்து கேட்பாராயின், அவருக்கு நேர்விடை கூறல் இயலாது. மணிமேகலையின் இறுதிக் காதையிலே அறவண அடிகள் விடையை நால்வகைப்படுத்துகின்றார். அவற்றுள் ஒன்று வினாவின் விடுத்தல். மற்றொன்று கூறிட்டு மொழிதல். “எந்த இனிப்பு?” என்று முதலில் எதிர்வினா எழுப்ப வேண்டும். அதன்பின்பே கூறிட்டு மொழிய வேண்டும். பரபரப்பிலே இவ்விரண்டையும் விட்டுவிட்டு நேரே கைவைத்தியத்திற் புகுவதனால் வரும் இழப்பையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வன்னியிலே நாய் வளர்த்தல் பொழுதுபோக்கு அன்று. முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ வயல் செய்பவன் இரவிற் காவற்கொட்டிலிலே சற்றுக் கண்ணயர்வது, வெளியில் நாய் விழித்திருக்கிறது என்ற துணிவினாலேதான். காட்டுப்பன்றி வேலியைத் தொட்டதும் குரைப்பது அது. யானை வரும் திசையை முதலில் அறிவதும் அது. பண்டித வகுப்பில் நிகண்டு நெட்டுருப் பண்ணிய நாளில் ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கன் என்று அதன் பெயர்களை அடுக்கினோம். தொல்காப்பியர் மரபியலிலே நாயின் குட்டியையும் புலியின் குட்டியையும் ஒருங்கு வைத்துக் குருளை என்று பெயர் வகுத்ததையும் கற்றோம். ஊரெல்லையிற் சூலத்தோடு நிற்கும் வைரவருக்கு ஊர்தியும் அதுவே. இவையெல்லாம் ஒரு புறம் இருக்க, 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கிளிநொச்சியை விட்டு மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது, சங்கிலியை அவிழ்த்துவிட்டு, “போ” என்று சொல்லித் தம் நாயைப் பிரிந்தவர் எத்தனையோ பேர். மீண்டு வந்து குடியமர்ந்த பின் அவர்கள் வளர்த்த நாய்களை வெறும் காவல் நாய்களாகக் கருதாமைக்கு அதுவும் ஒரு காரணம் போலும். பிள்ளைகள் தம் கையிலுள்ளதிற் பாதியை அதன் வாயில் வைக்கின்றார்கள். அவ்வன்பிற் குற்றம் காணல் என் நோக்கமன்று.

முற்காலத்தில் அவ்வன்பினால் நாய்க்கு ஆபத்து நேரவில்லை. கொடுப்பதற்கு இனிப்பு இருந்தாலல்லவோ! 1990 களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திற் சீனி பொன்னாயிருந்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். 2002 பெப்ரவரியில் ஏ9 வீதி திறந்தது; 2006 ஓகஸ்டில் அடைபட்டது; 2009 இற் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. அதன்பின் கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் வரத் தலைப்பட்டனர். அவர்களது பெட்டியைத் திறந்தால் மேலே உடுப்பு, அடியிலே கண்டோஸ். சொக்லேட்டை எங்கள் பெற்றோர் கண்டோஸ் என்றே சொல்லுவர். ஒரு நிறுவனம் தன் பண்டத்துக்கு இட்ட பெயர் ஈழத்துத் தமிழிலே அவ்வினம் முழுவதற்கும் ஆகிவந்தது. ஆங்கிலத்திலே இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் ‘கண்டி’ என்ற சொல்லோ இன்னும் நெருங்கிய உறவு. வெல்லக்கட்டிக்கு வடமொழியில் வழங்கிய கண்டம் என்ற பெயர் பாரசீகர், அரபியர் வாய்ப்பட்டு ஐரோப்பா சென்று அவ்வாறு திரிந்தது. எங்கள் கற்கண்டிலுள்ள கண்டும் அக்குடும்பத்தது. மலைநாட்டுக் கண்டி நகருக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, மாணவர் மயங்கற்க.

நிற்க. கொக்கோ மரத்துக்கு 1753 ஆம் ஆண்டிலே லின்னேயஸ் என்ற தாவரநூலறிஞர் தியோபுரோமா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குத் தேவருணவு என்பது பொருள். தமிழிற் பெயர்ப்பதாயின் அமுது என்றே பெயர்க்க வேண்டும். 1841 இல் அதன் கொட்டையினின்றும் ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்துத் தியோபுரோமின் என்றனர். அப்பொருளே நாய்க்கு நஞ்சு. பாற்கடல் கடைந்தபோது அமுதும் ஆலகாலமும் ஒரு கடலிலேயே தோன்றின என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெருவியப்பு அன்று. மனித உடல் தியோபுரோமினைச் சில மணி நேரத்திற் சிதைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ அதிற் பாதி குறைவதற்கே ஏறக்குறைய 17½ மணி நேரம் செல்லும். அதுவரை இதயம் பறை கொட்டுவதுபோல் அடிக்கும்; தாகம், வாந்தி, இடைவிடாத சிறுநீர், இருக்கை கொள்ளாமை, நடுக்கம், ஈற்றில் வலிப்பு என்று வரிசையாக வரும். பெரும்பாலும் தின்று 6 முதல் 12 மணி நேரத்துள் இவை தலைகாட்டும். சில வேளை மூன்று நாளும் நீடிக்கும்.

நாய்க்கு ஏன் இந்தக் கெடுவிதி? பூனையைப் பாருங்கள், கண்டோசைக் கண்டாலும் பொருட்படுத்தாது போகும். பூனைக்கு இனிப்பை உணரும் ஆற்றலே இல்லை. இனிப்பை நாவுக்கு அறிவிக்கும் மரபணு அவ்வினத்திற் பழுதுபட்டுக் கிடக்கின்றது என்று 2005 இல் ஆய்வாளர் கண்டனர். நாய்க்கோ இனிப்புத் தெரியும். தெரிந்ததனால் ஆசையும் உண்டு. மனிதனோடு பன்னெடுங்காலம் கூடி வாழ்ந்த நாய், ஓநாயைவிட மிகுதியாக மாப்பொருளைச் செரிக்கும் திறம் பெற்றுவிட்டது என்று 2013 இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. நம்மோடு சோறு தின்னப் பழகிற்று. நம்மோடு கொக்கோத் தின்னப் பழகவில்லை.

இனி எண்ணும் எழுத்தும் கண்ணெனத்தகும் என்பதற்கிணங்கச் சிறிது கணக்குப் பார்ப்போம். நாயின் நிறையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் சேர்ந்தால் வாந்தியும் அமைதியின்மையும் தோன்றும்; 40 முதல் 50 ஆனால் இதயம் தாக்குறும்; 60 ஆனால் வலிப்பு வரும். பால் சேர்ந்த சொக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் உண்டு. கறுப்புச் சொக்லேட்டில் 5 முதல் 8 வரை செல்லும். கேக் செய்ய வாங்கும் கொக்கோத் தூளில் 20 இற்கும் மேல். வெள்ளைச் சொக்லேட்டிற் பெயருக்குத்தான். எங்கள் ஊர் நாய் 15 கிலோ என்று கொள்க. அது 100 கிராம் பால் சொக்லேட்டைத் தின்றால் கிலோவுக்கு 13 மில்லிகிராம். நஞ்சின் அளவை எட்டாது. அதே நிறையுள்ள கடுங்கறுப்புச் சொக்லேட்டாயின் 53, இதயத்துக்கு ஆபத்து. நாயை மாற்றுவோம். 3 கிலோ நிறையுள்ள குருளை அந்தப் பால் சொக்லேட்டையே தின்றால் கிலோவுக்கு 67, வலிப்பு வரும். பண்டம் ஒன்றே, பெரியதற்கு வயிற்றோட்டம், சிறியதற்கு உயிர்ப்போராட்டம்.

இக்கணக்கு ஒரு முறை எனக்கு வேறோர் இடத்திற் பயன்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புக்கு ‘எங்கள் வீட்டுக் காவலன்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். வழக்கம்போல நன்றியுள்ள பிராணி, நான்கு கால், ஒரு வால் என்று கட்டுக் கட்டாக வந்தன. ஒருவனுடைய தாளில் நான்கே வரி. தங்கள் வீமன் இறந்துவிட்டது என்றும், தானே கண்டோஸ் கொடுத்துக் கொன்றதாகவும் எழுதி, மிகுதித் தாளை வெறுமையாக விட்டிருந்தான். வகுப்பு முடிந்தபின் அவனை இருத்தி விசாரித்தேன். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கண்டோசிலே தன் பங்கில் இரண்டு துண்டை நாய்க்குக் கொடுத்தானாம். அன்றிரவு வாங்கின் மேல் வைத்த பெட்டியை நாய் தானே இழுத்துப் பிரித்து உண்டது. எவ்வளவு என்று ஒருவரும் பார்க்கவில்லை. நள்ளிரவில் வாந்தி. நஞ்சு இறங்கட்டும் என்று அம்மம்மாவும் அயலவரும் வாயைப் பிளந்து செறிந்த உப்புத் தண்ணீரை இரண்டு முறை பருக்கினர், பின்பு புளிக்கரைசல். விடியுமுன் வலிப்பு வந்து போய்விட்டது.

“ஐயா, நான் குடுக்காமல் விட்டிருந்தால் அது செத்திருக்காதுதானே?” என்றான்.

ஆறுதல் மொழி பல உண்டு. அவன் அவற்றைக் கேட்டுச் சலித்தவன் என்பது முகத்திலே தெரிந்தது. எனவே கரும்பலகைக்கு அழைத்துச் சென்றேன். “வீமன் என்ன நிறை, தம்பி?” 14 கிலோ என்றான், நெல் நிறுக்கும் தராசில் ஒருநாள் ஏற்றிப் பார்த்திருக்கிறான். இரண்டு துண்டு ஏறக்குறைய 20 கிராம். கிராமுக்கு 8 என்று மிகைப்படவே வைத்தாலும் 160 மில்லிகிராம். 14 ஆற் பிரித்தான். 11 சொச்சம் வந்தது. 20 என்ற எல்லையை மேலே எழுதினேன். பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். “நீ கொடுத்ததால் அது சாகவில்லை” என்று நான் சொன்னது அதற்குப் பின்னரே. பெட்டியிற் போன அளவும், மேலே ஊற்றிய உப்பும் அந்தக் கணக்கினுள் வரா. அடுத்த வாரம் கட்டுரையை ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான்.

அந்த வீட்டார் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. மூத்தோர் சொன்னதைச் செய்தார்கள். ஆயினும் அந்த உப்பைப் பற்றிச் சொல்லாது விடலாகாது. செறிந்த உப்புநீர் சில வேளை வாந்தியை வருவிக்கும். பல வேளை வருவிக்காது. வராதபோது அவ்வுப்பு முழுவதும் குருதியிற் கலந்து மூளையைத் தாக்கும். நடுக்கமும் வலிப்பும் அதனாலேயே உண்டாகும். நஞ்சின் மேல் நஞ்சு பெய்தமைதான் கண்ட பயன். “எத்தனை கரண்டி உப்பு?” என்று வினாவுவாருக்கு அறவண அடிகள் வகுத்த நான்காம் விடையாகிய வாய்வாளாமையே தகும் என்று எண்ணியதுண்டு. அன்று, வாயைத் திறந்து, “வேண்டாம்” என்று உரக்கச் சொல்லுதலே தக்கது.

புளியின் செய்தி இதனினும் புதியது. முந்திரிகைப்பழமும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தை அழிப்பது நெடுநாளாகத் தெரியும்; எதனால் என்பது தெளிவுபடாதிருந்தது. அதிலுள்ள தாத்தாரிக்கமிலமே காரணமாகலாம் என்று 2021 இல் அமெரிக்க மருத்துவர் சிலர் கருத்துரைத்தனர். 2022 இல் வெளிவந்த ஆய்வொன்றிலே புளி தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் கெட்டமை பதிவாயிற்று. நாம் ரசத்துக்குக் கரைக்கும் புளியிலே அவ்வமிலம் மிகுதி. எனவே நாய்க்கு மருந்தென்று புளிக்கரைசல் பருக்குவதும், பிள்ளைகள் புளி உருண்டையை அதற்கு எறிவதும் ஒருங்கே நிறுத்தத்தக்கன. தேங்காய்ப்பாலும் பசுப்பாலும் நஞ்சை முறிப்பதில்லை. கொழுப்பை ஏற்றி வயிற்றை மேலும் வருத்தும். அடுப்புக்கரியைப் பொடி செய்து கொடுப்பாரும் உளர். மருத்துவர் கொடுக்கும் கரித்தூள் வேறு முறையிற் பதப்படுத்தியது. அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது.

பின் என்னதான் செய்வது? எஞ்சிய பண்டத்தை நாய்க்கெட்டாமல் அகற்றுக. உறையை எறியற்க, அதுவே சாட்சி. எப்போது தின்றது, எவ்வளவு குறைகிறது, நாயின் நிறை என்ன என்ற மூன்றையும் ஒரு துண்டிற் குறிக்க. நிறை தெரியாதாயின், நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தராசில் ஏறி, பின்பு தனியே ஏறிக் கழித்துக்கொள்ளலாம். உடனே கால்நடை வைத்தியருக்குத் தொலைபேசியிற் சொல்லுக. வாந்தி வருவிப்பதா, எதனால் வருவிப்பது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். மயங்கிக் கிடக்கும் நாய்க்கும் வலிக்கும் நாய்க்கும் வாயிலே எதனையும் ஊற்றலாகாது. அது நுரையீரலுக்குச் சென்றுவிடும். தியோபுரோமினுக்கு முறிமருந்து என ஒன்றில்லை. தின்று ஓரிரு மணி நேரத்துள் வயிற்றைச் சுத்திகரித்து, கரித்தூள் கொடுத்து, நாளம் வழி நீரேற்றி, இதயத்தைக் கவனித்திருப்பதே மருத்துவம். அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருப்பவர் அந்த ஓரிரு மணி நேரத்தை இழக்கின்றார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் உண்டு. அவர்களுக்கு மாடும் ஆடுமே பெரும்பணி. அழைக்கும் வேளையில் வைத்தியர் ஒரு பட்டியடியில் நிற்கக்கூடும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலையோ எங்களுக்கு நெடுந்தொலைவு. ஆதலால் அலுவலக எண்ணை முன்னரே சுவரில் எழுதி வைத்தல் வேண்டும்.

சொக்லேட்டினும் கொடிய ஒன்று உண்டு. அது நம்மூருக்கு அண்மையில் வந்தது. சீனியில்லாச் சூயிங்கத்திலும், நீரிழிவுக்காரருக்கான சில இனிப்புகளிலும், சில பற்பசைகளிலும் சைலிற்றோல் என்ற பொருளைச் சேர்க்கின்றனர். உறையில் 967 என்ற எண்ணாலும் அதனைக் குறிப்பதுண்டு. மனிதருக்கு அதனால் ஆபத்தில்லை. நாயின் கணையம் அதனைச் சீனியென்றே மயங்கி இன்சுலினை அள்ளிச் சொரிந்துவிடும். 10 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துள் குருதியின் வெல்லம் அடியோடு விழுந்து நாய் தள்ளாடிச் சாயும். கிலோவுக்கு 0.1 கிராம் இதற்குப் போதும்; 0.5 கிராம் ஆனால் ஈரலும் அழியும். ஒரு சூயிங்கத்தில் 0.3 கிராம் இருப்பினும் 3 கிலோக் குருளைக்கு அந்த ஒன்றே எல்லை. கரித்தூளும் இதனை நன்கு பற்றாது. வைத்தியரிடம் கொண்டுசெல்லும் வழியில் நாய் சோர்ந்தால், தேனையோ சீனிப்பாகையோ விரலிற் தொட்டு அதன் முரசிலே பூசலாம். விழுங்கக் கொடுக்க வேண்டுவதில்லை. பொய்ச்சீனி செய்த கேட்டுக்கு மெய்ச்சீனி மருந்தாவது இவ்விடத்தில் மட்டுமே. பாட்டனார்மார் தம் சட்டைப்பையிலுள்ள ‘சீனியில்லா’ இனிப்பு பேரப்பிள்ளைக்கும் நாய்க்கும் நல்லது என்று எண்ணுவது இயல்பு. நாயைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் முற்றும் மாறானது.

வெறும் சீனிப் பண்டங்களைப் பற்றிக் கூறுவதற்கு அதிகம் இல்லை. தோடம்பழ முட்டாசோ, தும்பு முட்டாசோ, பனங்கட்டித் துண்டோ தின்ற நாய்க்கு வயிறு கழியலாம். தண்ணீர் வைத்துவிட்டுப் பார்த்திருந்தாற் போதும். தொதல், பால்ரொபி முதலிய கொழுப்பு மிக்கவற்றை மிகுதியாகத் தின்றால் கணையம் அழன்று ஓயாத வாந்தி வரும். அப்போது வைத்தியரை நாடுக. இனிப்பைவிட அதன் உறையும் குச்சியும் கொடியனவாதலும் உண்டு. அவை குடலில் அடைபட்டால், இரண்டு மூன்று நாளின் பின்னரும் உண்ணாமை, வாந்தி, மலம் கழியாமை தோன்றும்.

விசர்நாய் அச்சம் நிலவும் நம் ஊர்களில் இன்னுமொரு செய்தியையும் கூற வேண்டும். வாயில் நுரை தள்ளி, நடுங்கி, வலித்து விழும் நாயைக் கண்டதும் “விசர்!” என்று தடியெடுப்பார் உளர். சொக்லேட் நஞ்சும் பூச்சிகொல்லி நஞ்சும் அத்தகைய தோற்றத்தையே தரும். வேறுபாட்டைக் கண்ணாற் பார்த்துத் துணிதல் வைத்தியருக்கே அரிது. ஆகவே வெறுங்கையால் வாயைத் தொடாது, பிள்ளைகளை விலக்கி, நாயை ஓர் அறையில் அடைத்துவிட்டு, கிழிந்த உறை எங்கேனும் கிடக்கின்றதா என்று தேடுக. கடித்திருந்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரிற் கால் மணி நேரம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுக. நாய்க்கு நேர்ந்தது நஞ்சுதான் என்று நாமே தீர்ப்பிட்டு இருந்துவிடலாகாது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்ட அட்டை வீட்டிலிருப்பின் வைத்தியரின் ஐயம் பாதி தீரும்.

தைப்பொங்கல் அணுகும்போது இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பொங்கிப் படைத்தபின் மாட்டுக்கும் நாய்க்கும் ஒரு பங்கு வைப்பது எங்கள் வழக்கம். சர்க்கரைப் புக்கையிலே பிளம்ஸ் என்று கடையிற் கேட்டு வாங்கும் முந்திரிகைவற்றலை அள்ளி இடுகின்றோம். எத்தனை வற்றல் எந்த நாயைக் கெடுக்கும் என்று முன்கூட்டி உரைக்க மருத்துவராலும் இயலாது. சிலவற்றுக்குக் கைப்பிடியளவும் ஒன்றும் செய்யாது, சிலவற்றுக்குச் சிலவே சிறுநீரகத்தை நிறுத்திவிடும். வழக்கத்தை விட வேண்டியதில்லை. பானையில் வற்றல் விழுமுன் ஓர் அகப்பை புக்கையை வாழையிலையில் எடுத்து, ஆறவைத்து, நாயின் பங்கென்று அப்பால் வைத்துவிடலாம்.